ஆஷ்பர்னிலிருந்து ஒருவர்

"ஜெனி, வந்துட்டான்!"

அம்மா முன்னறையிலிருந்து கூப்பிட்டபோது நான் சமையலறையில் ஊறவைத்த அவரைப்பருப்பைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தேன். மைசூரில் அவரை வரும் காலம் குளிர்காலம். விரல்கள் விறைத்திருந்தன. நுனியெல்லாம் வழவழவென்று பச்சை வாடை. கையைத் துடைக்காமல் முன்னால் நீட்டிக்கொண்டே ஓடினேன்.

வாசலில் யாரும் இல்லை. அம்மா வாசலைப் பார்க்கவும் இல்லை. என் பழைய மடிக்கணினியின் முன் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு மிக அருகே முகத்தை வைத்திருந்தாள்.

அவளுடைய வலைப்பதிவின் வலது ஓரத்தில் ஒரு சின்னக் கருவி உண்டு. யார் எந்த ஊரிலிருந்து பக்கத்தைத் திறந்தார்கள் என்று நாட்டுக் கொடியோடு காட்டும். நான்தான் ஒட்டிக் கொடுத்திருந்தேன். அதன் முதல் வரியில் அமெரிக்கக் கொடி. பக்கத்தில் 'ஆஷ்பர்ன், வர்ஜீனியா' என்றிருந்தது.

"பாரு. இப்பத்தான் போட்டேன். ஒரு நிமிஷங்கூட ஆகல."

"யாரும்மா?"

"யாரா? அருளுதான். அமெரிக்காவுல எனக்கு வேற யாரு இருக்கா?"

அருள் மாமா அம்மாவின் தம்பி. பல வருடங்களாக அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. எந்த ஊரில் இருக்கிறார் என்பதும் தெரியாது. இருக்கிறாரா என்பதும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் அம்மா எழுதவே தொடங்கியிருந்தாள்.

இந்தப் பத்திரிகையில் எழுதும் தொடரில் இதுவரை என் வேலை, என் தோழிகள், பாதி வழியில் நின்றுபோகும் என் ஸ்கூட்டர் என்று எழுதிவந்திருக்கிறேன். அம்மாவைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. இந்த வாரம் அம்மாவைப் பற்றி மட்டும்.

அடியில் ஒரு வெள்ளைப் பெட்டி

அம்மா நர்ஸ். மைசூரில் ஒரு மருத்துவமனையில் நெடுங்காலம் வேலை பார்த்தாள். முதுகுவலி அதிகமானதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த மறுவாரமே என்னிடம், "ஏம் புள்ள, இந்தத் தமிழ்ப் பதிவு எழுதறாங்களே, அது எப்புடி?" என்று கேட்டாள்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. அருள் மாமா கடைசியாக நன்றாகப் பேசிக்கொண்டிருந்த நாட்களில் ஒருமுறை போனில் சொல்லியிருக்கிறார்: "அக்கா, ஆபீஸ் போனதும் மொதல்ல திரட்டியத்தான் தொறப்பேன். நாலு பேரு தமிழ்ல என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்தாத்தான் எனக்குப் பொழுது விடியும்."

திரட்டி என்பது பலருடைய வலைப்பதிவுகளை ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டும் தளம். புதிதாக யார் எழுதினாலும் தலைப்பு அங்கே மேலே வரும். அடுத்தவர் எழுதியதும் கொஞ்சம் கீழே இறங்கும். அம்மாவின் கணக்கு எளிமையானது. அவள் தலைப்பு அந்தப் பக்கத்தில் வர வேண்டும். மாமா கண்ணில் பட வேண்டும்.

முதல் பதிவை எழுதி முடித்து, வெளியிட்டு, மறுநாள் பார்த்தாள். ஒருவரும் வரவில்லை.

"எழுதுனது யாருக்குந் தெரியாம கெடக்குதே, ஜெனி."

எழுதினால் மட்டும் போதாது, எழுதியிருக்கிறோம் என்று சொல்லவும் வேண்டும் என்றேன். வலைப்பதிவு மென்பொருளின் அமைப்புகளில் 'எழுதுதல்' என்று ஒரு பக்கம் இருக்கும். அதன் அடியில் ஒரு வெள்ளைப் பெட்டி. யார் யாருக்குத் தகவல் போக வேண்டுமோ அவர்களின் முகவரிகளை வரிக்கு ஒன்றாக அதில் எழுதி வைக்கலாம். 'வெளியிடு' என்று அழுத்தியவுடன், மென்பொருள் ஒவ்வொரு முகவரிக்கும் போய் 'இங்கே புதிதாக ஒன்று வந்திருக்கிறது' என்று சொல்லிவிட்டு வரும். பிங் என்பார்கள். தகவல் கிடைத்த சேவை தன் இயந்திரத்தை அனுப்பிப் பதிவை எடுத்துப் பார்க்கும். திரட்டியாக இருந்தால் முகப்பில் போடும். தேடுபொறியாக இருந்தால் தன் கிடங்கில் சேர்த்துக்கொள்ளும்.

அம்மா கவனமாகக் கேட்டாள்.

"வார்டுல பேஷண்ட் பெல் அடிச்சா நாங்க ஓடுவமே, அது மாதிரியா?"

"அதேதான்."

"அப்பச் செரி. எல்லாப் பக்கமும் ஒரு பெல்ல வெச்சுரு."

வைத்தேன். தமிழ்த் திரட்டிகள், பொதுவான சேவைகள், ஒரு முகவரிக்குச் சொன்னால் பல இடங்களுக்குச் சொல்லும் சேவைகள் என்று வகை பிரித்து, வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பெட்டியில் இட்டேன். மென்பொருளைச் சோதிப்பதுதான் என் தொழில். வீட்டிலும் வேறு மாதிரி இருக்கத் தெரியாது.

அடிக்கடி மணி அடிக்கிறவர்கள்

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகப் போனது. அம்மாவின் தலைப்புகள் திரட்டியில் வந்தன. வாசலில் முருங்கை விழுந்தது, பாதிரியாரின் ஸ்கூட்டரை நாய் துரத்தியது, மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பேருந்தில் சிறுவயதில் அவளும் மாமாவும் வாந்தி எடுத்தது என்று எதையும் விடவில்லை.

"இதெல்லாம் யாரும்மா படிப்பாங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"சின்னதோ பெருசோ, சொல்லீரோணும்," என்றாள்.

பிறகு திடீரென்று ஒரு சேவை எங்கள் பிங்கை ஏற்க மறுத்தது. பார்த்தால், அம்மா ஒரு பதிவைப் போட்டுவிட்டு எழுத்துப்பிழை கண்ணில் பட்டதும் திருத்தி மறுபடி சேமித்திருக்கிறாள். இன்னொரு பிழை, இன்னொரு சேமிப்பு. அவள் வைத்திருந்த மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிதாக மணி அடித்திருக்கிறது. ஒரே மதியத்தில் இத்தனை மணியா என்று அந்தச் சேவை எங்களை எரிதங்கள், அதாவது வேண்டாத குப்பைத் தகவல்கள், அனுப்புவோர் கூட்டத்தில் சேர்த்துவிட்டது.

இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே சொன்னேன். அம்மா சிரிசிரி என்று சிரித்தாள்.

"எங்க வார்டுலயும் அப்புடி ஒண்ணு ரெண்டு இருக்கும் கண்ணு. தலகாணி சாஞ்சுருச்சு, ஃபேன் சத்தம் போடுதுன்னு பெல்லு மேலயே கைய வெச்சிருக்கும். அந்த ரூமுக்கு நாங்களே மெதுவாத்தான் போவோம்."

அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழும் கன்னடமும் ஒரே வாயில் வரும். "ஊருக்கெல்லாம் பெல் அடிக்கறா. நான் கூப்பிட்டா மட்டும் கேக்கல்ல. ஒந்து காபி கொடம்மா தாயே," என்றார்.

அன்று முதல் அம்மா பதிவை என்னிடம் காட்டிப் பிழை பார்த்த பிறகே வெளியிட்டாள். நான் பள்ளியில் படித்தது கன்னடமும் ஆங்கிலமும். அதுவரை பேருந்துப் பலகை படிக்கும் அளவுக்குத்தான் தமிழ் எழுத்து தெரியும். அவளுக்குப் பிழை பார்க்கிறேன் என்று உட்கார்ந்துதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அம்மாவும் மாமாவும் மாதேஸ்வரன் மலைக்குப் பக்கத்தில் கௌதள்ளியில் பிறந்து, மேட்டூர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கித் தமிழில் படித்தவர்கள். ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள அவர்களுக்கு இருந்த மொழி அதுதான்.

வருடங்கள் போகப் போகப் பெட்டியில் இருந்த முகவரிகள் ஒவ்வொன்றாக அடங்கின. சில திரட்டிகள் அறிவித்துவிட்டு நிறுத்தின. சில அறிவிக்காமலே நின்றன. பதில் தராத முகவரிக்குத் தகவல் சொல்ல மென்பொருள் காத்துக்கொண்டு நிற்கும். அதனால் 'வெளியிடு' அழுத்திய பிறகு திரை சற்று நேரம் அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் அம்மா சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

ஆஷ்பர்ன் மட்டும் தவறாமல் வந்தது.

மெஷினுக்கு எதற்குக் கதை

அவரைப்பருப்பு நாளன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆஷ்பர்ன் என்பது பெரிய பெரிய கணினிக் கிடங்குகள் இருக்கும் ஊர். உலகத்தில் பாதி இணையதளங்களின் இயந்திரங்கள் அந்தப் பக்கத்தில்தான் ஓடுகின்றன என்பார்கள். நாம் மணி அடித்தவுடன் ஏதோ ஒரு சேவையின் இயந்திரம் அங்கிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறது. அது ஆள் இல்லை.

"மெஷினுக்கு எதுக்குடி நம்ம ஊட்டுக் கதை?"

"கதைக்காக வரலம்மா. புதுசா வந்திருக்கா இல்லையான்னு பாக்க வருது."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"அத்தனை மெஷினு இருக்கற ஊர்ல, அதைப் பாத்துக்கற ஆளு ஒருத்தங்கூடவா இருக்க மாட்டான்?"

இருப்பார்கள். மாமாவின் வேலையும் அந்த மாதிரி கணினிகளோடுதான். கடைசியாக ஒரு பழைய நண்பர் சொன்ன தகவலும் அவர் அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் குடிபோய்விட்டார் என்பதுதான். இல்லவே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அநேகமாக இல்லை என்றேன். அம்மாவுக்கு அந்த 'அநேகமாக' போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு எழுதிய பதிவுகளில் யாரோ எதிரில் உட்கார்ந்திருப்பது போன்ற ஒரு தொனி வந்தது. 'நம்ம ஊட்டுப் பின்னாடி இருந்த சீத்தா மரம் ஞாபகம் இருக்கும்' என்று எழுதுவாள். யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று எழுத மாட்டாள்.

சொல்லாமல் விட்டது

சண்டை என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு கேள்விதான்.

தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு எங்கள் வீட்டில் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் மூச்சு முட்டி, அம்மா வேலை பார்த்த மருத்துவமனையிலேயே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். மாமா அமெரிக்கா போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. புது வேலை. போனில் கேட்கும்போதெல்லாம் அம்மா, "காய்ச்சல்தான்டா. ட்ரிப்ஸ் ஏத்தியிருக்கு. நீ வேலையப் பாரு," என்றாள்.

தாத்தாவே சொல்ல வேண்டாம் என்று கையால் காட்டினாராம். அதுவும் ஒரு காரணம். ஆனால் உண்மையான காரணம், தாத்தா பிழைத்துவிடுவார் என்று அம்மா நம்பியதுதான். நாடி ஒழுங்காக இருந்தது. சிறுநீர் நன்றாகப் போனது. இரண்டு நாளில் வார்டுக்கு மாற்றலாம் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் அம்மா அவர் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

மாமா ஏழாம் நாள் பூசைக்குத்தான் வந்து சேர்ந்தார். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் அம்மா அவர் கையைப் பிடித்தாள். மாமா கையை விடுவிக்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"நீ நர்ஸுக்கா. உனக்குத் தெரியாமயா இருந்துச்சு?"

 அன்றைக்கே மாமா பெங்களூருக்குக் கார் பிடித்துப் போய்விட்டார். அதன்பின் சில மின்னஞ்சல்கள் வந்தன, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியதாக. பிறகு அதுவும் இல்லை. போன் எண் மாறியது. நான் தெரிந்த வழிகளிலெல்லாம் தேடினேன். அவர் பெயரில் எத்தனையோ பேர் கிடைத்தார்கள்.

பெரியம்மா கேட்டது

எங்கள் பங்குக் கோயிலில் அக்டோபர் கடைசியில் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைப்பார்கள். இறந்துபோன சொந்தக்காரர்களின் பெயர்களைத் தாளில் எழுதி அதில் போட வேண்டும். மோட்சம் சேருமுன் வேதனையில் உத்தரிக்கிற ஆத்துமாக்களாக எண்ணி, நவம்பர் முழுக்கப் பூசைகளில் அவர்களுக்காக வேண்டுவார்கள். ஒவ்வொரு வருடமும் எங்கள் குடும்பத்துத் தாளை அம்மாவின் அக்கா பிலோமினா பெரியம்மாதான் எழுதுவார். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கையெழுத்து மணிமணியாக இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியம்மா கேட்டார்.

"செலின், இந்த வருசம் அருள் பேரையும் எழுதீரட்டுமா?"

அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உசுரோட இருக்கறவன் பேர எப்புடிக்கா எழுதறது?"

"உசுரோட இருக்கான்னு உனக்கு எப்புடித் தெரியும்? எத்தன வருசம் ஆச்சு. ஒரு கார்டு உண்டா, ஒரு போனு உண்டா? ஒருவேளை இல்லீன்னா, உத்தரிக்கிற ஆத்துமாவுக்கு வேண்டிக்க யாரு இருக்கா? நாம ரெண்டு பேருதானே?"

"என்ற பதிவ முந்தாநேத்துக் கூடப் படிச்சான்."

பெரியம்மா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு புள்ள. நீ படிச்சவ. அவந்தானா அது?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆய்த்து, விடுங்க. சாப்பிடற நேரத்துல எதுக்கு," என்றார்.

நான் அம்மாவிடம் சொன்னதையே பெரியம்மாவிடமும் சொன்னேன். கிடங்கு, இயந்திரம், மணி. அநேகமாக. பெரியம்மா குரலை உயர்த்தவில்லை. "அநேகமான்னு வெச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு இருக்கறது, செலின்? எனக்கும் அவன் தம்பிதான்," என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். பெரியம்மா தட்டிலிருந்த இட்லியைத் தொடவே இல்லை. பெயரை எழுதிவிட அவருக்கும் ஆசையில்லை. யாராவது ஒருவர் முடிவுசெய்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

ஒன்றை நிறுத்திப் பார்ப்பது

பெரியம்மா போன பிறகு அம்மா பாத்திரம் தேய்த்தாள். தேய்த்து முடித்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என் அறைக்கு வந்தாள்.

"வார்டுல ஒரு பேஷண்ட்டுக்கு நாலு மருந்து போகும். ஒடம்புல தடிப்பு வந்துரும். எதுனாலன்னு தெரியாது. டாக்டர் என்ன செய்வாரு சொல்லு?"

"என்ன செய்வார்?"

"ஒண்ண நிறுத்திப் பாப்பாரு. நீ அந்தப் பெட்டியக் காலி பண்ணு. பெல்லு வேண்டாம். நான் ஒரு பதிவு போடறேன். அவனா இருந்தா, பெல்லு இல்லாமயும் வருவான்."

நான் கற்றுக்கொண்ட தொழிலில் இதைவிடச் சரியான சோதனையை யாரும் எழுதியிருக்க முடியாது. எது நடந்தால் எதற்கு அர்த்தம் என்று முதலில் முடிவுசெய்துகொள்வது எங்கள் வழக்கம். அதை அம்மாவோடு உட்கார்ந்து செய்தேன். தேடுபொறிகள் மணி இல்லாமலும் எப்போதாவது வரும், அவற்றை எண்ணக்கூடாது. இயந்திரம் என்றால் போட்டவுடன் வரும். மனிதர் என்றால் அவருக்கு நேரம் கிடைக்கும்போது வருவார். அதனால் உடனே வரவில்லை என்று முடிவுகட்டக்கூடாது. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள் வரை காத்திருப்பது.

"சரியாம்மா?"

"செரி."

பெட்டியிலிருந்த முகவரிகளை வேறோர் இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அத்தனையையும் அழித்தேன். பெட்டி வெள்ளையாக நின்றது.

அம்மா எழுதிய பதிவு அதுவரை அவள் எழுதாத ஒன்று. தாத்தாவின் கடைசி வாரம். என்ன மருந்து கொடுத்தார்கள், எந்தக் குழாய் எங்கே போயிருந்தது, அவள் போனில் என்ன சொன்னாள், ஏன் அப்படிச் சொன்னாள், எல்லாம் இருந்தது. நோயாளியின் நிலையை அடுத்த ஷிப்ட்டுக்கு ஒப்படைக்கும்போது சொல்வது போல ஒழுங்காக எழுதியிருந்தாள். கடைசி வரி மட்டும் வேறு மாதிரி. 'தெரியாமல்தான் இருந்தது, அருள். எல்லாருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை.'

பிழை பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

அழுத்தினாள். காத்திருக்க யாரும் இல்லாததால் திரை உடனே மாறியது. அந்த வேகம் அவளுக்குப் பழக்கமில்லை. கையை மடிக்குக் கொண்டுபோக நேரமில்லாமல் அந்தரத்தில் வைத்திருந்தாள்.

ஒரு நிமிடம் போனது. பிறகு இன்னும் சில. முதல் வரியில் இந்தியக் கொடி மட்டும் இருந்தது. மைசூர். அது நாங்கள்தான்.

அமெரிக்காவில் ஆளே இல்லையா

அந்த நாட்களில் நான் வேலையிலிருந்து திரும்பியதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். கேட்க வேண்டிய அவசியம் இருக்காது.

ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து யாரோ வந்திருந்தார்கள். இன்னொரு நாள் சிங்கப்பூர். ஒரு மாலை, நான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தபோதே அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அமெரிக்கா! ஜெனி, அமெரிக்கா வந்திருக்கு! ஆஷ்பர்ன் இல்ல, வேற ஊரு. ஊடு மாத்தியிருப்பான் போல."

ஹெல்மெட்டோடு உள்ளே ஓடிப் பார்த்தேன். மவுண்டன் வியூ என்றிருந்தது. தளத்தின் வருகைப் பதிவேட்டைத் திறந்து வந்தவரின் விவரத்தைப் படித்தேன். தேடுபொறியின் இயந்திரம். தன்னை இன்னார் என்று அதுவே ஒளிக்காமல் சொல்லிக்கொள்ளும்.

அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் திரும்பாமலே சொன்னேன்.

"இது தேடுபொறிம்மா. எண்ணக்கூடாதுன்னு சொன்னோமே."

"இதுவும் ஆள் இல்லையா?"

"இல்லம்மா."

அம்மா குனிந்து அந்த வரியை மறுபடி படித்தாள். பிறகு கேட்டாள். "அமெரிக்காவுல ஆளே இல்லியாடி?"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள், நான் நிறுத்திய பிறகும். அப்பா உள்ளேயிருந்து வந்து அவள் முதுகில் கை வைத்து, "சும்னிரு செலின், சும்மா இரு," என்று சொன்னபோதுதான் அது சிரிப்பு இல்லை என்று எனக்குப் புரிந்தது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள் அவளே சொன்னாள். "பெட்டியில பழையபடி எல்லாத்தையும் போட்டுரு. செத்துப்போனதையும் சேத்து."

"அதெல்லாம் எதுக்கும்மா? பதிவு போடவே நேரமாகும்."

"ஆகட்டும்."

போட்டேன். அன்று சாயங்காலம் மழைக்கு மொட்டைமாடி ஒழுகுவதைப் பற்றி நாலு வரியில் ஒரு பதிவு எழுதினாள். அழுத்தினாள். திரை நின்றது. கை மடிக்குப் போனது. பிறகு பக்கம் திறந்தது. ஒரு நிமிடம் ஆவதற்குள் முதல் வரியில் ஆஷ்பர்ன், வர்ஜீனியா.

அம்மா பார்த்தாள். என்னைக் கூப்பிடவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பெரிய சிலுவை

இந்தக் கடைசிப் பகுதியை எழுதலாமா என்று அம்மாவிடம் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. இந்த வார இதழ் அச்சில் மட்டும்தான் வருகிறது, இணையத்தில் வராது என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே சம்மதித்தாள்.

கல்லறைத் திருநாள் அன்று மைசூரில் தூறல். கல்லறைத் தோட்டத்தில் செவ்வந்திப் பூவும் ஈர மண்ணும் உருகிய மெழுகும் சேர்ந்த வாடை. ஒலிபெருக்கியில் கன்னடத்தில் ஜெபம். குடையும் மெழுகுவத்தியும் ஒரே கையில் பிடிக்க முடியாமல் எல்லாரும் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். தாத்தாவின் கல்லறையை அப்பா தண்ணீர் ஊற்றிக் கழுவினார். நான் பூ வைத்தேன். பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே கடந்துபோனார்.

பெரியம்மா தாளை முன்பே கோயில் பெட்டியில் போட்டுவிட்டார். அதில் மாமாவின் பெயர் இல்லை. அம்மாவிடம் அதைச் சொல்லவும் சொன்னார். "நான் எழுதல, செலின். நீ சொல்லாம எழுத மாட்டேன்."

அம்மா தலையாட்டினாள். பையிலிருந்து தனியாக ஒரு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை இருக்கிறது. வேறு ஊர்களில் புதைக்கப்பட்டவர்களுக்கும், கல்லறை எங்கே என்று தெரியாதவர்களுக்கும் அதன் அடியில்தான் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அங்கே நிறையப் பேர் நின்றார்கள். ஒருவரும் ஒருவரையும் யாருக்காக என்று கேட்பதில்லை.

அம்மா குனிந்து, படியில் இடம் தேடினாள். தீக்குச்சி ஈரத்தில் பற்றவில்லை. பெரியம்மா பின்னாலேயே வந்து குடையைத் தாழ்த்திப் பிடித்தார். அடுத்த குச்சி பற்றியது. அம்மா மெழுகை ஏற்றி, அடியை உருக்கி, கல்லில் அழுத்தி நிறுத்தினாள். காற்றுக்கு அணைந்துவிடாதபடி இரண்டு கைகளாலும் சுற்றி மறைத்துக்கொண்டு, சுடர் நிலைக்கும்வரை அப்படியே குந்தியிருந்தாள். பெரியம்மா அழுதார். அம்மா அழவில்லை.

எழுந்திருக்க நான் கை கொடுத்தேன். முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை நடந்தாள். ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்ட பிறகு சொன்னாள்.

"இத மட்டும் பதிவுல எழுத மாட்டேன், ஜெனி."

"ஏம்மா?"

"ஒருவேளை அவன் படிச்சான்னா, மனசு கஷ்டப்படுமில்ல."